ஓடும் கார்களையும் நிற்கும் கார்களையும் ஒரே கணினியாக்க முடியுமா?

கேள்வி கேட்டிருப்பவர் பொறியியல் இறுதியாண்டு மாணவர். இன்றைய கார்களில் அவ்வளவு கணினிகள் இருக்கின்றன, பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கின்றன. அவற்றை வயர்லெஸ் மூலம் இணைத்து ஒரு பெரிய சர்வர் போலப் பயன்படுத்த முடியாதா, முடியுமென்றால் ஏன் இன்னும் யாரும் செய்யவில்லை என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கார்களில் உண்மையிலேயே மிச்சமாகக் கணினித் திறன் இருக்கிறதா என்பது ஒன்று. இருந்தால், வேலையை உள்ளே கொண்டுபோய் விடையை வெளியே கொண்டுவரும் செலவு அந்தத் திறனின் மதிப்பைவிடக் குறைவாக இருக்குமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குத்தான் எல்லாரும் உற்சாகமாகப் பதில் சொல்கிறார்கள். திட்டங்கள் தடுக்கி விழுவது இரண்டாவதில். நான் வாகனக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் மென்பொருளிலும் தொடர்பு அலகுகளிலும் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். ஆகவே கம்பிக்கும் அலைக்கும் நான் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியும். சந்தை எப்படிப் போகும் என்பதில் என் சொல்லுக்கு அதிக எடை தர வேண்டாம்.

ஒரு காரில் எழுபது, நூறு கணினிகள் உண்டு என்ற பேச்சு பொய்யல்ல, ஆனால் ஏமாற்றக்கூடியது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இசியு என்று நாங்கள் சொல்லும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டிகள். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்க ஒன்று, ஏர்பேக்கைக் கவனிக்க ஒன்று, பிரேக்குக்கு ஒன்று என்று அவை பிரிந்து கிடக்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் நல்ல சிப்கூட 300 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடுவதுதான். அதன் நினைவகமும் சில மெகாபைட்டுகளில் முடிந்துவிடும். இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய கேன் தடத்தில் நொடிக்கு அதிகபட்சம் 1 மெகாபிட் போகும், ஒரு செய்தியில் 8 பைட் அடங்கும். இப்படிப்பட்ட நூறு பெட்டிகளைக் கூட்டினாலும் ஒரு சுமாரான மடிக்கணினிக்கு ஈடாகாது, தவிர அவற்றில் வெளியாளின் வேலையை ஓட்ட எந்தத் தயாரிப்பாளரும் அனுமதிக்க மாட்டார். திரையையும் பாட்டையும் வரைபடத்தையும் கவனிக்கும் கணினி ஒரு நடுத்தரக் கைப்பேசி அளவு இருக்கும். உண்மையான பலம் இருப்பது ஓட்டுநர் உதவிக்கும் தானியங்கி ஓட்டத்துக்கும் என்று வைக்கப்பட்ட கணினியில் மட்டுமே. டெஸ்லா 2019இல் அறிமுகப்படுத்திய பலகை இரண்டு சிப்களுமாக நொடிக்கு 144 லட்சம் கோடிச் செயல்கள் செய்யும்; என்விடியாவின் ஓரின் சிப் ஒன்றே 254 லட்சம் கோடி செய்யும். இந்த எண்களைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த யோசனையே வருகிறது.

ஆனால் அந்த எண்கள் எதை அளக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவை எட்டு பிட் முழு எண்களைப் பெருக்கிக் கூட்டும் வேகம். செயற்கை நுண்ணறிவின் நரம்பு வலையமைப்பு மாதிரிகளை இயக்குவதற்கு அது பொருத்தம், வானிலைக் கணக்குக்கோ தரவுத்தளத்துக்கோ அது உதவாது. அதிலும் நினைவகத்திலிருந்து எண்களை எவ்வளவு விரைவாக எடுத்துத் தர முடிகிறது என்பது முட்டுக்கட்டையாக நிற்கிறது. டெஸ்லாவின் அந்தச் சிப் நினைவகத்திலிருந்து நொடிக்கு உச்சமாக 68 ஜிகாபைட் படிக்கும். தரவு மையங்களில் இருக்கும் என்விடியா எச்100 நொடிக்கு 3,350 ஜிகாபைட் படிக்கும். ஏறக்குறைய ஐம்பது மடங்கு. 700 கோடி எண்களைக் கொண்ட ஒரு சிறிய மொழி மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு ஒரு பைட் என்று வைத்தால் 7 ஜிகாபைட். ஒவ்வொரு சொல்துண்டை உருவாக்கவும் அந்த 7 ஜிகாபைட்டையும் ஒரு முறை படித்தாக வேண்டும் என்பதால், காரின் சிப் மற்றது எல்லாம் சரியாக இருந்தாலும் ஒருவருக்கு நொடிக்கு ஒன்பது, பத்து துண்டுகளுக்கு மேல் தர முடியாது. பயனற்றது என்று நான் சொல்லவில்லை. 144 லட்சம் கோடி என்ற எண் எழுப்பும் எதிர்பார்ப்புக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

அடுத்தது, சும்மா கிடக்கும் நேரம். கார்கள் தம் ஆயுளில் 95 விழுக்காடு நேரம் நின்றுகொண்டே இருக்கின்றன என்று வாகன நிறுத்தப் பொருளாதாரத்தை ஆராய்ந்த டொனால்ட் ஷூப் எழுதியது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அது கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் காரின் மின்னணுப் பாகங்களும் அதே கணக்கை நம்பித்தான் வடிவமைக்கப்படுகின்றன என்பதை இந்த யோசனையை முன்வைப்பவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. வாகன மின்னணுத் தகுதிச் சோதனைகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் மாதிரிப் பயன்பாடு 15 ஆண்டு ஆயுளில் 12,000 மணி நேர இயக்கம். 15 ஆண்டுகளில் மொத்தம் 1,31,400 மணி நேரம் இருக்கிறது. அதில் ஒன்பது விழுக்காடுதான் வேலை நேரம். ஓர் ஆண்டு முழுவதும் இரவும் பகலும் ஒரு பலகையை ஓட்டினால் 8,760 மணி நேரம் ஆகிறது. அதாவது 15 ஆண்டுக்கு என்று வைத்த தேய்மானத்தில் முக்கால் பங்கை ஒரே ஆண்டில் செலவழித்துவிடுகிறோம். மின்காரைச் சார்ஜ் செய்யும்போதும் மின்னணு இயங்கும் என்பதால் புதிய வண்டிகளுக்கு இந்தக் கணக்கைக் கூட்டி வைக்கிறார்கள். ஆனாலும் தரவு மையச் சர்வரைப் போல ஓய்வின்றி ஓடும் என்று எண்ணி யாரும் வடிவமைப்பதில்லை. சும்மா கிடப்பதாக நமக்குத் தோன்றும் அந்தத் திறன் இலவசம் அல்ல, அதன் விலை வண்டியின் ஆயுளில் கழிகிறது.

மின்சாரமும் அப்படித்தான். பெட்ரோல் காரில் 60 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் பேட்டரியில் 720 வாட்-மணி இருக்கும். 72 வாட் இழுக்கும் ஒரு கணினியை எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டினால் ஐந்தே மணி நேரத்தில் பாதி காலி. காலையில் வண்டி கிளம்பாவிட்டால் யார் பொறுப்பு? ஆகவே நிற்கும் பெட்ரோல் கார்களை இந்தக் கணக்கிலிருந்து ஓரம்கட்டிவிடலாம். மின்கார்களில் நிலைமை மேல். டெஸ்லாவின் பலகை இழுப்பது அந்த 72 வாட்தான், ஆனால் அதற்காகக் கார் விழித்திருந்தாலே குளிர்விக்கும் பம்பு, மோடம், பெரிய பேட்டரியின் இணைப்பு எல்லாம் சேர்ந்து இருநூறு வாட்டை ஒட்டிப் போய்விடும் என்பது மின்கார் வைத்திருப்பவர்கள் அறிந்ததே. எட்டு மணி நேரத்துக்கு 1.6 யூனிட், ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். சார்ஜரில் செருகியிருந்தால் அதுவும் பெரிய இழப்பில்லை. ஆக, செருகப்பட்ட நிலையில் நிற்கும் மின்கார் என்று இந்த யோசனையின் களம் சுருங்குகிறது.

இந்தத் துறையில் ஆய்வு இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஒலாரியுவும் உடன் பணியாற்றியவர்களும், வண்டிகளின் கணினிகளைச் சேர்த்து ஒரு பொதுச் சர்வர் போலப் பயன்படுத்தும் வாகன மேகம் என்ற கருத்தை 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் முன்வைத்தார்கள்; கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மாரியோ ஜெர்லாவும் ஏறத்தாழ அதே காலத்தில் இதைப் பற்றி எழுதினார். ஒலாரியு குழுவினர் 2012இல் வெளியிட்ட ஒரு கட்டுரையின் களம் பன்னாட்டு விமான நிலையத்தின் நீண்டகால வாகன நிறுத்துமிடம். பயணி வண்டியை விட்டுப் பல நாள் ஊரில் இருக்க மாட்டார். எப்போது திரும்புவார் என்பதும் ஓரளவு தெரியும். வண்டியைச் செருகி வைக்கலாம், கம்பி இணைப்பும் கொடுக்கலாம். பதிலுக்கு நிறுத்தக் கட்டணத்தைக் குறைக்கலாம். எத்தனை வண்டிகள் எந்த நேரத்தில் இருக்கும் என்று கணிக்கத் தெரிந்தால் அதைத் தரவு மையமாக நடத்தலாம் என்பது வாதம். நான் படித்த வரையில் நிற்கும் வண்டிகளுக்கான வாதங்களில் இதுவே மிக நேர்மையானது. ஆனால் இதில் கடினமான பகுதியைத் தீர்த்தது, வண்டியை அசையாமல் வைத்து மின்சாரமும் கம்பியும் கொடுத்ததுதான். அவ்வளவும் செய்த பிறகு, அதே இடத்தில் ஓர் அலமாரிச் சர்வரை வாங்கி வைத்தால் என்ன என்ற கேள்வி எழாமல் போகாது.

ஓடும் வண்டிகளுக்கு வருவோம். நீங்கள் கேட்டதில் எனக்கு நெருக்கமான பகுதி இது; கணக்குப் போட்டுப் பார்க்கவும் எளிது. வண்டிகள் நேரடியாகப் பேசிக்கொள்வதற்கென 2010இல் வந்த ஐஇஇஇ 802.11பி (802.11p) என்ற வயர்லெஸ் தரத்தில், பெயருக்கு நொடிக்கு 3 முதல் 27 மெகாபிட் வரை வேகங்கள் உண்டு. நடைமுறையில் பெரும்பாலும் 6 மெகாபிட்டில்தான் ஓட்டுவார்கள். எட்டும் தூரம் 300 மீட்டர் என்று தாராளமாக வைப்போம். எதிரெதிரே மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் இரண்டு கார்கள் ஒன்றையொன்று நொடிக்கு 44 மீட்டர் வேகத்தில் கடக்கின்றன. 600 மீட்டருக்குள் பேசி முடிக்கப் பதின்மூன்று, பதினான்கு நொடி கிடைக்கிறது. ஒரு துளியும் வீணாகாமல் போனாலும் அதற்குள் 10 மெகாபைட் அனுப்பலாம். முழு உயர்தெளிவு கேமராவின் ஒரு சட்டகம், அழுத்திச் சுருக்காத நிலையில் 6 மெகாபைட். ஆக, இரண்டு கார்கள் சந்தித்துப் பிரிவதற்குள் ஒன்றரைப் படம் கைமாறலாம். அதைக் கணக்கிட்டு விடையைத் திருப்பித் தருவதற்குள் மற்றவர் அரைக் கிலோமீட்டர் தாண்டிவிட்டார். ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே பிளாட்பாரத்தில் நிற்பவரிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துக் கூட்டித் தரச் சொல்வது போன்ற வேலை இது.

ஒரே திசையில், வேக வேறுபாடு மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் போகும் வண்டிகளுக்கு மூன்றரை நிமிடம் கிடைக்கும். நெரிசலில் இன்னும் அதிகம். அப்போதுதான் வேறொரு தொல்லை. ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசை ஆகியவற்றை நொடிக்குப் பத்து முறை அறிவிக்க வேண்டும். விபத்தைத் தவிர்ப்பதற்காகவே அந்த அலைக்கற்றை ஒதுக்கப்பட்டது. ஒரு செய்தி 300 பைட் என்றால், எட்டும் தூரத்துக்குள் நூறு வண்டிகள் இருக்கும்போது இந்த அறிவிப்புகளே நொடிக்கு 2.4 மெகாபிட்டை எடுத்துக்கொள்கின்றன. 6 மெகாபிட்டில் நாற்பது விழுக்காடு அங்கேயே போயிற்று. அதாவது வண்டிகள் அதிகம் சேர்ந்து கணினித் திறன் பெருகும் அதே தருணத்தில் அலை வழி அடைபடுகிறது. செய்தியை வண்டிக்கு வண்டி தாவவிட்டால் ஒவ்வொரு தாவலும் அதே அலையில் மறுபடி இடம் பிடிக்கும்.

சாலையில் உண்மையாகவே நடந்தவை இந்தக் கணக்கை உறுதி செய்கின்றன. எம்ஐடியில் ஹரி பாலகிருஷ்ணன், சாம் மேடன் ஆகியோரின் குழு, பாஸ்டன் டாக்சிகளில் கருவிகளைப் பொருத்தி வழியில் தென்படும் வைஃபை வழியே தரவு அனுப்பிப் பார்த்தது. வழக்கமான மென்பொருளில் இணைப்பு ஏற்படவே பத்து நொடிக்கு மேல் ஆனது. அதற்குள் டாக்சி அந்த வைஃபையைத் தாண்டியிருக்கும். 2008இல் அவர்கள் அதை 0.4 நொடிக்குக் கீழே கொண்டுவந்தார்கள், அழகான பொறியியல். அப்படியும் ஒரு காருக்கு மணிக்குச் சராசரி 38 மெகாபைட்தான் கிடைத்தது. அதே குழு டாக்சிகளின் அதிர்வை வைத்துச் சாலைக் குழிகளைக் கண்டறிந்தது இன்னொரு முயற்சி. அது வெற்றி பெற்றதற்குக் காரணம், அதிர்வுக் கணக்கை அந்தந்த வண்டியே செய்துகொண்டு, சந்தேகப்பட்ட இடங்களை மட்டும் வெளியே அனுப்பியதுதான். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் வெனியம் என்ற நிறுவனம் அறுநூறுக்கு மேற்பட்ட பேருந்துகள், டாக்சிகள், குப்பை வண்டிகளை 802.11பி வழியே பின்னி ஒரு வலையமைப்பை நடத்திக் காட்டியது. அங்கும் பகிரப்பட்டது இணைய இணைப்பு; கணினித் திறன் அல்ல.

இங்கிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு ஒன்றுதான்: ஓடும் வண்டிகளிடையே வேலையைப் பகிர முனைவதைவிட, விடையைப் பகிர்வது பலன் தரும். முன்னே போகும் லாரிக்கு அப்பால் ஒருவர் சாலையைக் கடக்கிறார் என்பதை லாரியின் கணினியே கண்டறிந்து, அவருடைய இடத்தையும் வேகத்தையும் சில பத்து பைட்டுகளில் பின்னால் வருபவருக்குச் சொல்லிவிடலாம். 6 மெகாபைட் படத்தை அனுப்ப வேண்டிய தேவையே இல்லை. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சி இதற்கெனக் கூட்டுப் புலனுணர்வுச் செய்தி என்ற வடிவத்தையே வகுத்திருக்கிறது. இன்னொரு நல்ல வழி, இரவில் வீட்டு வைஃபையில் நிற்கும்போது, பகலில் தான் கண்ட காட்சிகளை வைத்துக் கார் தன் மாதிரியைச் சிறிது பயிற்றுவித்து, மாற்றங்களை மட்டும் அனுப்புவது. இரண்டரைக் கோடி எண்கள் கொண்ட ஒரு மாதிரி 100 மெகாபைட். வீட்டு இணைப்பில் அது ஒரு பொருட்டல்ல, சாலைச் சந்திப்பில் அது நடக்காத காரியம். இரண்டிலும் தரவு பிறந்த இடத்திலேயே கணக்கும் நடக்கிறது. வெளியாளின் வேலை உள்ளே வருவதில்லை.

வயர்லெஸ் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் உலகம் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. அமெரிக்கா 1999இல் 5.9 ஜிகாஹெர்ட்ஸில் 75 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை வாகனங்களுக்கு ஒதுக்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகப் பயன்படாததால் 2020 நவம்பரில் 45ஐ வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் 30ஐக் கைப்பேசித் தொழில்நுட்பத்திலிருந்து வளர்ந்த சி-வி2எக்ஸுக்கு என்று மாற்றியது. சீனாவும் சி-வி2எக்ஸ் பக்கம். ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகனின் எட்டாம் தலைமுறை கோல்ஃப் கார் 802.11பி அலகோடு வந்தது. ஜப்பானில் டொயோட்டா 760 மெகாஹெர்ட்ஸில் நடத்துகிறது. இரண்டு நிறுவனங்களின் கார்கள் பிரேக் பிடித்த செய்தியையே ஒரே மொழியில் பேசிக்கொள்ளாத நிலையில், ஒருவர் வேலையை இன்னொருவர் ஏற்றுச் செய்யும் ஒப்பந்தம் எளிதில் வராது.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், முக்கியம் இல்லை என்பதால் அல்ல, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்பதால். 2015இல் சார்லி மில்லரும் கிறிஸ் வலசெக்கும் ஒரு ஜீப் செரோக்கீயின் பாட்டுப்பெட்டிக் கணினிக்குள் கைப்பேசி வலையமைப்பு வழியே நுழைந்து, அங்கிருந்து ஓட்டக் கட்டுப்பாடு வரை போய்க் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. வெளியாளின் நிரலை வேண்டுமென்றே உள்ளே அழைப்பது அந்தக் கதவை நாமே திறந்து வைப்பதாகும். ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைக் கொண்டு கணினியை அறைகளாகப் பிரிக்கலாம், இப்போதே பிரிக்கிறார்கள். ஆனால் பிரேக்கோடு தொடர்புடைய கணினியில் அந்நிய வேலை ஓடும்போது எதுவும் ஆகாது என்று சான்றிதழ் அமைப்புக்கு நிரூபிக்கும் செலவு மிகப் பெரியது. மறுபக்கம், வேலை கொடுப்பவருக்கும் பயம் உண்டு. யாரோ ஒருவருடைய காரேஜில் நிற்கும் கணினி சரியான விடையைத்தான் தந்தது என்பதற்கு என்ன உறுதி? தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளை வைத்து 1999இல் தொடங்கிய செட்டி@ஹோம் திட்டம் ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்டோரிடம் கொடுத்து விடைகளை ஒப்பிட்டது. அப்படிச் செய்தால் கையில் இருக்கும் திறன் பாதியாகிவிடும்.

இதுவரை சொன்னவற்றில் எண்களை நீங்களே சரிபார்க்கலாம். இனி வருவது என் மதிப்பீடு. 2024 ஏப்ரலில் டெஸ்லாவின் காலாண்டுக் கூட்டத்தில் எலான் மஸ்க், எதிர்காலத்தில் 10 கோடி கார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவாட் அளவுக் கணினித் திறன் என்று வைத்தால் 100 ஜிகாவாட் ஆகிறதே என்றார். பெருக்கல் சரி. ஒரு கிலோவாட் என்பது 2019ஆம் ஆண்டுப் பலகையைப் போலப் பதினான்கு மடங்கு. இரவுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு காருக்குப் பத்து யூனிட், அது வீட்டுக்காரரின் மின்கட்டணத்தில் ஏறும். அவருக்கு அதைவிட அதிகம் திருப்பிக் கொடுத்தும் லாபம் நின்றால் திட்டம் நடக்கும். ஒரே நிறுவனம் காரையும் சிப்பையும் மென்பொருளையும் கையில் வைத்திருப்பதால் தரச் சண்டையும் ஒப்பந்தச் சண்டையும் அங்கே இல்லை. ஆகவே யாராவது செய்தால் இப்படிப்பட்ட ஒரு நிறுவனம்தான் செய்யும், நிற்கும் கார்களில்தான் செய்யும், அவசரமில்லாத சிறு சிறு வேலைகளுக்குத்தான் செய்யும் என்று நினைக்கிறேன். வேறு வேறு நிறுவனங்களின் கார்கள் சாலையில் தானாகக் கூடி மேகமாகும் காட்சியைப் பல கட்டுரைகள் வரைகின்றன. அது அண்மையில் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. செல் கோபுரத்தின் அடியிலோ சிக்னல் கம்பத்திலோ ஒரு சர்வரை வைத்துவிட்டால் அதற்கு நகரும் தொல்லையும் இல்லை, பேட்டரித் தொல்லையும் இல்லை. 2017இல் டொயோட்டா, டென்சோ, எரிக்சன், இன்டெல், என்டிடி போன்றவை கூடி அமைத்த கூட்டமைப்பும் கணக்கீட்டை வலையமைப்பின் விளிம்புக்குக் கொண்டுவருவதில்தான் முனைப்பு காட்டுகிறது.

கோபுரங்கள் விழுந்துவிடும் பேரிடரில் வண்டிகளே மேகமாக நின்று உதவும் என்பது இதன் ஆதரவாளர்கள் வைக்கும் பதில். அதில் நியாயம் உண்டு. ஆனால் பேரிடரைப் பொறுத்தது. 2015 டிசம்பரில் சென்னையில் கைப்பேசிகள் ஊமையானபோது, பல தெருக்களில் கார்களும் தண்ணீருக்குள்தான் இருந்தன.

உங்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதை எடுக்க நினைத்தால் தாராளமாக எடுக்கலாம். கணினியிலேயே போலச் செய்து பார்க்கும் மென்பொருள்களில், போக்குவரத்துக்கு ஜெர்மனியின் சூமோ, வலையமைப்புக்கு ஓஎம்நெட்++, இரண்டையும் இணைக்க வெயின்ஸ் என்று மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன; லக்சம்பர்க் நகரின் ஒரு முழு நாள் போக்குவரத்தைச் சூமோவுக்கென்றே தயாரித்து வைத்திருக்கிறார்கள், சொந்தமாகச் சாலை வரைந்து காலத்தை வீணாக்க வேண்டாம். அலை எட்டும் எல்லையை ஒழுங்கான வட்டமாக வைத்துவிடாதீர்கள். கட்டடமும் பேருந்தும் மறைக்கும்படி அமையுங்கள், முடிவுகள் தலைகீழாக மாறும். நிறுத்துமிடத்தை எடுப்பதாக இருந்தால் வண்டிகள் சீராக வந்து போவதாகக் கொள்ளாமல், காலை ஒன்பதுக்கு நிரம்பி மாலை ஆறுக்குக் காலியாகும் அலுவலக நேரத்தை வையுங்கள், ஏனென்றால் பாதி முடிந்த வேலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசலைத் தாண்டிப் போவது அப்போதுதான் தெரியும். பாதுகாப்பு அறிவிப்புகளுக்கான நொடிக்குப் பத்துச் செய்திகளை முதலில் ஓடவிட்டு, மிச்சமுள்ள அலையில் மட்டும் உங்கள் வேலைகளை அனுப்புங்கள். கடைசியாக, அதே செலவில் சாலையோரம் ஒரு சர்வர் வைத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். உங்கள் வாகன மேகம் எல்லா நேரத்திலும் அதை வெல்வதாக வந்தால், முதலில் வண்டியின் மின்சாரத்தையும் தேய்மானத்தையும் கணக்கில் சேர்த்தீர்களா என்று திரும்பிப் பாருங்கள்.